தலை தீபாவளிக்கு ஒரு சாஃப்ட்வேர் ஆர்டர்

கும்மிடிப்பூண்டி
9.10.2006

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மோகன்ராஜ் அவர்களுக்கு, மாமனார் பரசுராமன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தை செல்வியும், அவளுடைய மூட்டுவலி நீங்கலாக, சௌக்கியம். அங்கே வேளச்சேரியில் நீங்களும் ஜோதிலட்சுமியும் சௌக்கியமாக இருப்பீர்கள். மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார் சரியாகிவிட்டது என்று ஜோதி சொன்னாள், சந்தோஷம். காக்களூர் யூனிட்டில் சரஸ்வதி பூஜைக்கு வைத்த பூ, குங்குமம், பொரி எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கூரியரில் அனுப்பியிருந்தேன். வந்து சேர்ந்திருக்கும். பொரி நமுத்துப் போயிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. நிற்க.

இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நீங்கள் "சரி மாமா, பாத்துக்கலாம் மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். நானோ காலமெல்லாம் நிர்வாகப் பிரிவில் இருந்தவன். எழுத்தில் வராத எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றுவதில்லை. நடந்தது நிறைய என்பதால் கடிதமும் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

ஆடிக்கு ஜோதியை அழைக்க நானும் உங்கள் அத்தையும் வந்தபோது, தலை தீபாவளிக்கு உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். எல்லா மாமனாரும் கேட்பதுதான். மோதிரம், வாட்ச், வண்டி என்று ஏதாவது சொல்வீர்கள் என்று உங்கள் அத்தை மனதைத் திடப்படுத்திக்கொண்டு சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். நீங்கள், "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மாமா. உங்க கம்பெனி ஆர்டரை மட்டும் வாங்கிக் கொடுத்துடுங்க. அது வந்தா என் டார்கெட் முடிஞ்சிடும், நிம்மதியா தீபாவளிக்கு வந்துடறேன். வரலைன்னா அன்னிக்கும் ஆபீஸ்லதான் உக்காந்திருப்பேன்" என்றீர்கள். அத்தைக்கு அது பெரிய நிம்மதியாகப் போயிற்று. சீர் வரிசையில் சாஃப்ட்வேர் கேட்ட முதல் மாப்பிள்ளை நம்முடையவர்தான் என்று ஊர் திரும்பியதும் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நீங்கள் இருவரும் வருவதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். ஜோதி எங்களுக்கு ஒரே பெண். தலை தீபாவளிக்கு அவள் புருஷனோடு வந்து வாசலில் இறங்க வேண்டும். இந்த விவகாரத்தில் எனக்கு அதைத் தவிர வேறு கட்சி கிடையாது. எங்கள் யூனிட்டில் ஏற்கெனவே ஓடும் லினக்ஸ் வென்றாலும் சரி, உங்கள் சாஃப்ட்வேர் வென்றாலும் சரி, எனக்கு வேண்டியது வாசலில் ஒரு வண்டி வந்து நிற்பதுதான்.

எங்கள் கம்பெனி நிலவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி யூனிட்டில் கம்பி உருட்டுகிறோம். அந்தக் கம்பி ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம் வழியாக லாரியில் காக்களூருக்குப் போய் அங்கே போல்ட்டாகிறது. காக்களூரில் ஓடுவது உங்கள் ஆபீஸ் விற்ற சாஃப்ட்வேர். லைசென்ஸ், வருஷா வருஷம் புதுப்பித்தல், அதில் புதிதாக ஒரு பில் ஃபாரம் சேர்க்க வேண்டுமென்றாலும் உங்களிடமே வாங்கிய கருவியால்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனை, எல்லாம் உண்டு. நீங்கள் அதைப் போட வந்த அன்று உங்களைப் பார்த்துத்தான் நான் ஜாதகம் கேட்டேன், அதனால் அந்த சாஃப்ட்வேரைப் பற்றிக் குறையாகப் பேச எனக்கு வாய் வராது. கும்மிடிப்பூண்டியில் ஓடுவது லினக்ஸ். பொன்னேரியிலிருந்து வரும் சந்திரகலா என்ற பெண் போட்டது. அதற்கு லைசென்ஸ் கிடையாது, உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். நானும் ஒருநாள் திறந்து பார்த்தேன், உடனே மூடிவிட்டேன். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. கும்மிடிப்பூண்டிக் கணக்கில் புறப்பட்டுவிட்ட கம்பி காக்களூர்க் கணக்கில் வந்து சேராமல் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பெரியபாளையம் ரோட்டிலேயே கிடக்கும், நான் போய் ஒன்றிலிருந்து அச்செடுத்து மற்றொன்றில் தட்டும் வரை. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே செய்தி கொண்டுபோகிறவன் நிலைமை என்னுடையது.

முதலாளி அப்துல் ஜப்பார் பாய் பழவேற்காட்டில் பரம்பரையாக வியாபாரம் செய்த குடும்பம். அவருக்கு இது பிடிக்கவில்லை. "ஒரே கம்பெனி, ஒரே மொதலாளி. கணக்கு மட்டும் இன்னாத்துக்கு ரெண்டு பாஷைல கீது? பூஜை முடிஞ்சு செவ்வாக்கெழம தொறக்கறோம் இல்ல, அன்னிக்கு ரெண்டையும் நேர்ல பாக்கறேன். எது நல்லாகீதோ அதையே ரெண்டு எடத்துலயும் போட்டுடு" என்றார். நீங்கள் அந்த வாரம் புனேயில் டிரெயினிங்கில் இருந்ததால், காட்டும் பொறுப்பை என்னிடம் விட்டீர்கள். விட்டிருக்க வேண்டாம் என்று இப்போது உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

காக்களூரில் பூஜை வெள்ளிக்கிழமை. எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். லேத்தைத் தூக்கிக்கொண்டு போய் சாமி முன்னால் வைக்க முடியாது என்பதால் அதிலிருந்து டூலைக் கழற்றித் தட்டில் வைப்போம். டிரில்லிங் மிஷினுக்கு டிரில் பிட், லாரிக்குச் சாவி, எடை பார்க்கிறவருக்கு ஒரு படிக்கல். எதில் அந்த மிஷினின் உயிர் இருக்கிறதோ அது தட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்த வருஷம் அம்பாளின் அருள் உங்கள் சாஃப்ட்வேர் மேல் கூடுதலாக விழ வேண்டும் என்ற எண்ணத்தில், கம்ப்யூட்டரிலிருந்து எதைக் கழற்றலாம் என்று பார்த்தேன். பின்புறம் விரல் நீளத்துக்கு ஒன்று செருகியிருந்தது. டாங்கிள் என்று நீங்கள் சாஃப்ட்வேர் போட வந்த அன்று சொன்ன அதே பொருள். அது செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும், "இது இல்லாம ஒருத்தனும் உள்ள நுழைய முடியாது மாமா" என்று நீங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். உயிர் அதில்தான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கழற்றி, சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, தட்டின் நடுவில் பொரி மேல் வைத்தேன். பார்க்க லட்சணமாகவே இருந்தது. பூஜை முடிந்து எல்லாருக்கும் பிரசாதப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, மிஷின்களை விஜயதசமி வரை தொடக்கூடாது என்பதால் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை கும்மிடிப்பூண்டியில் பூஜை. இங்கேதான் நான் உங்களுக்காக ஒரு ராஜதந்திரம் செய்தேன். சந்திரகலா போட்ட சர்வர், போட்ட நாளிலிருந்து நிறுத்தப்பட்டதே இல்லை. எத்தனை நாளாக ஓடுகிறது என்று திரையில் காட்டும், அந்தப் பெண் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கும், பிள்ளைக்கு வயது ஏறுவதைப் பார்ப்பது போல. ஃபோர்மேன் அப்பாவு பூஜைக் கமிட்டித் தலைவர். அவர் வந்து சர்வரையும் நிறுத்த வேண்டும் என்றார்.

"கிரேன் நிக்குது, பர்னஸ் நிக்குது, கேட்டாண்ட கீற எடை மேடை கூட நிக்குது. இந்தப் பொட்டி மட்டும் இன்னா பெரிய இதுவா? வருஷத்துல ஒரு வாட்டி அதுக்கும் ரெஸ்ட் குடும்மா."

"அதுக்கு ரெஸ்ட்டே தேவையில்லண்ணா. நிக்காம ஓடறதுதான் இதோட பெருமையே. அதைப் போய் நிறுத்தச் சொல்றீங்களே" என்றது அந்தப் பெண்.

உங்கள் சாஃப்ட்வேர் காக்களூரில் தினமும் ஒருமுறை தானாகவே ஓய்வெடுத்துக்கொள்வதால் அங்கே இந்தப் பிரச்சினை வரவில்லை. நெடுநாள் ஓடிய மோட்டாரை நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்பது தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். லினக்ஸும் அப்படிப் படுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை நம் பாடு கொண்டாட்டம் என்று கணக்குப் போட்டு, அப்பாவு பக்கம் சேர்ந்து, சம்பிரதாயம், தெய்வ குற்றம் என்று நான் அன்று பேசிய பேச்சில் அப்பாவுவுக்கே கண் கலங்கிவிட்டது. தீர்ப்பு முதலாளியிடம் போயிற்று. அவருக்கு நோன்பு. உதடு காய்ந்துபோய் நின்றிருந்தார். "தொழிலாளிங்க சாமி விஷயத்துல நான் குறுக்க வரமாட்டேன். எல்லாம் நிக்குதுன்னா எல்லாம் நிக்கட்டும். நானே காலைலேர்ந்து பட்டினியா நின்னுக்கினு இருக்கறேன், ஒரு பொட்டி ரெண்டு நாளு சும்மா கெடந்தா இன்னா" என்றார். சந்திரகலா நிறுத்தியது. நிறுத்திய பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் கஷ்டமாகத்தான் இருந்தது.

தட்டில் வைக்க லினக்ஸிலிருந்து எதையாவது கழற்றித் தரும்படி அப்பாவு கேட்டார். "கழட்ற மாதிரி எதுவும் இல்லண்ணா. இதுக்குச் சாவியே கிடையாது" என்று சொல்லி அந்தப் பெண் லினக்ஸ் ஏற்றிய ஒரு சிடியைக் கொடுத்தது. "பூட்டே இல்லாத பொருளை எப்டிம்மா நம்பறது? யார்னா எடுத்துக்கினு போய்ட்டா?" என்றார் அப்பாவு. "எடுத்துக்கினு போகத்தான் குடுக்கறேன்" என்று எல்லாருக்கும் பொரி கடலையோடு ஆளுக்கொரு சிடியும் விநியோகித்தது. முதலாளி தன் பொட்டலத்தை நோன்பு திறக்கும்போது சாப்பிட எடுத்துப் போனார். அப்பாவு தன் சிடியைக் கவரப்பேட்டைப் பக்கம் நாற்றங்காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காக்கை வருவதில்லையாம். லினக்ஸ் பற்றி இதுவரை எனக்கு வந்த ஒரே நேரடிச் சான்று இது.

செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பாவு ஒவ்வொரு மிஷினுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டிக் கிளப்பிக்கொண்டே வந்து சர்வர் அறைக்கும் வந்தார். சந்திரகலா பொத்தானை அமுக்கியது. திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, ஓரிடத்தில் வந்து நின்றன. நின்றவை நகரவே இல்லை. முதலாளி பார்க்கிறார், நான் பார்க்கிறேன். என் முகத்தில் தெரிந்த பரவசத்தை அப்பாவு பக்தி என்று எடுத்துக்கொண்டு எனக்கும் சேர்த்து விபூதி பூசினார். "ஒண்ணுமில்ல சார், ரொம்ப நாள் கழிச்சு நிறுத்தினோம் இல்ல, தன்னைத்தானே சரிபாத்துக்குது" என்றது அந்தப் பெண். சர்வர் சரிபார்த்துக்கொண்டே இருந்தது, அப்புறம் எழுந்து உட்கார்ந்தது. கம்பிக் கணக்கு கடைசி டன் வரை சரியாக வந்தது. முதலாளி தலையாட்டிவிட்டு, "வா, உன் மருமவன் பொட்டியைப் பாப்போம்" என்று காரில் ஏற்றிக்கொண்டார்.

காக்களூரில் கம்ப்யூட்டரைப் போட்டதும் டாங்கிள் இல்லை என்று சொல்லி உங்கள் சாஃப்ட்வேர் கதவை மூடிக்கொண்டது. அதுவரை, சத்தியமாக, அதை நான் கழற்றினேன் என்பதே எனக்கு நினைவில்லை. நினைவு வந்து பூஜை மேடைக்கு ஓடினால் தட்டு பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பெருக்கும் முத்தம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பூவெல்லாம் காலைலியே வாரிக்கினு போய் ஏரில போட்டுட்டேனே சார். சாமி பூவைக் குப்பைலியா கொட்டுவாங்க?" என்றாள். அவள் சொல்வதில் ஒரு தவறும் இல்லை. நான் காக்களூர் ஏரிக்கரைக்கு ஓடினேன், எனக்குப் பின்னால் லேத் ஆட்கள் நான்கைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் முதலாளி. ஆகாயத்தாமரைக்கு நடுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று செவ்வந்திப் பூவை முறத்தால் வாரி வாரிக் கரையில் கொட்டினார்கள். இரண்டு தேங்காய் மூடியும் யாரோ போட்ட ஒரு செருப்பும் கிடைத்தன. முதலாளி கரையில் வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் கேட்டார், "பரசுராமா, சரக்கு என்னுது, கம்ப்யூட்டர் என்னுது, சாஃப்ட்வேரும் காசு குடுத்து வாங்கினது. என் போல்ட்டு எவ்ளோ கீதுன்னு நான் பாக்கறதுக்கு ஏரில எறங்கணுமா?" 

உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தேன். வேறு டாங்கிள் வேண்டுமென்றால் போலீசில் புகார் கொடுத்து அந்த நகலோடு விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து ஒப்புதல் வர வேண்டும், அதற்குத் தீபாவளி கழிந்துவிடும் என்றார்கள். ஸ்டேஷனுக்கும் போனேன். எழுத்தர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லிக் கேட்டார்.

"கம்ப்யூட்டர் காணோமா சார்?"

"இல்லை, அது இருக்கிறது."

"உள்ள கீற சாஃப்ட்வேரு?"

"அதுவும் இருக்கிறது."

"கணக்கு வழக்கு?"

"எல்லாம் உள்ளேயேதான் இருக்கிறது."

"அப்ப இன்னாதான் சார் காணாம போச்சு, எனக்கு ஒரே பேஜாரா கீது" என்று பேனாவை மூடி வைத்தார். நான் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே முதலாளி இரண்டு யூனிட்டிலும் லினக்ஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். சந்திரகலா நியாயமான பெண், உள்ளதைச் சொன்னது. "இது சும்மா வருதுன்னு நெனச்சுக்காதீங்க சார். லைசென்ஸுக்குக் குடுக்கற காசை ஆள் சம்பளமா குடுக்கணும், அவ்ளோதான். ஆனா ஏரில எறங்க வேண்டியிருக்காது" என்றது. காக்களூர்க் கணக்கு முழுவதும் உங்கள் சாஃப்ட்வேருக்குள் பூட்டிக் கிடப்பதால், "அந்த டாங்கிள் ஒரே ஒரு வாட்டி கெடைச்சா போதும் சார், எல்லாத்தையும் வெளிய எடுத்துடுவேன்" என்றும் சொன்னது. அது கிடைக்கப்போவதில்லை என்பதால் இப்போது பழைய பில்லையெல்லாம் வைத்துக்கொண்டு புதிதாகத் தட்டிக்கொண்டிருக்கிறோம். நான்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் சாஃப்ட்வேரில் ஒரு சந்தேகம் என்றால் போன் செய்ய ஓர் ஆபீஸ் உண்டு, போனை எடுக்க ஆள் இருக்கிறாரா என்பது வேறு விஷயம். லினக்ஸில் சந்தேகம் என்றால் ஆபீஸே கிடையாது. அந்தப் பெண் முன்பின் தெரியாதவர்களுக்கு இன்டர்நெட்டில் எழுதிப் போடுகிறது, போலந்திலிருந்தோ பிரேசிலிலிருந்தோ ஒருவன் பதில் எழுதுகிறான். அவனுக்கு என்ன லாபம் என்று கேட்டேன். "சும்மாதான் சார்" என்றது. நம் பக்கத்தில் வழி கேட்டால்கூட எங்கே போறே, யாரைப் பார்க்க, எதுக்கு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். முகம் தெரியாத ஒருவன் எங்கள் கம்பிக் கணக்குக்காக மெனக்கெடுகிறான் என்பது எனக்கு இன்னும் நம்பும்படியாக இல்லை, ஆனால் கணக்கு சரியாக வருகிறது.

ஆக, மாப்பிள்ளை, நீங்கள் கேட்ட சீர் என்னால் முடியவில்லை. பழி என்னுடையது, உங்கள் சாஃப்ட்வேருடையது அல்ல என்று உங்கள் மேனேஜருக்கு வேண்டுமானால் தனியாக எழுதித் தருகிறேன். உங்கள் அத்தைக்கு ஆர்டர் கைநழுவிப் போனது தெரியாது. அவள் அதிரசத்துக்கு மாவு இடித்துவிட்டாள், ஜோதிக்குப் புடவையும் உங்களுக்கு வேட்டியும் வாங்கிவிட்டாள், தீபாவளிக்கு என்றைக்கு வருகிறார்கள் என்று தினமும் கேட்கிறாள். நான் ஏதோ சொல்லி மழுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு மோதிரமும் எடுத்து வைத்திருக்கிறேன், டார்கெட்டுக்கு அது ஈடாகாது என்று தெரியும். தெருவில் எல்லா வீட்டுப் பெண்ணும் புருஷனோடு வந்திறங்கும்போது எங்கள் வாசல் வெறிச்சென்று கிடந்தால் செல்வி தாங்க மாட்டாள். உண்மையைச் சொன்னால் நானும் தாங்க மாட்டேன். ஒரே ஒரு நாள், காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியானமே ஆபீஸுக்குப் போய்விட்டாலும் சரி. தயவுசெய்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் ஜோதியும் எல்லா நலமும் பெற்று, டார்கெட் குறையாமல், நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ அம்பாளை வேண்டுகிறேன். அத்தை ஆசி சொல்லச் சொன்னாள். சந்திரகலாவும் உங்களுக்கு வணக்கம் சொல்லியது, அதை எழுதலாமா என்று யோசித்து எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்,
பரசுராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஜோதி போன் செய்தாள். "அப்பா, நீ அனுப்புன பிரசாதப் பொட்டலத்துல, பொரிக்கு நடுவுல சந்தனம் பூசி ஒண்ணு இருந்துச்சே, அதைத்தான தேடிக்கினு இருக்கீங்க?" என்றாள். உங்கள் ஆபீஸுக்கு நான் போன் செய்த சேதி அவள் காதுக்கும் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் படித்த பெண், பார்த்த அன்றே இன்னதென்று தெரிந்துவிட்டதாம். உங்கள் வீட்டு சாமி அலமாரியில் பூவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். நீங்கள் புனேயிலிருந்து வந்த நாள் முதல் காலையில் விபூதி பூசிக்கொண்டு அதன் முன்னால்தான் கும்பிட்டுவிட்டு ஆபீஸ் போகிறீர்களாம். கூரியரில் அனுப்பச் சொன்னேன். "அதெல்லாம் அனுப்ப மாட்டேன், தொலைஞ்சிடும். தீபாவளிக்கு நாங்க ரெண்டு பேரும் கையோட எடுத்துக்கினு வரோம்னு உன் மொதலாளிகிட்ட சொல்லிடு" என்று வைத்துவிட்டாள். சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை காலையில் முதலாளியின் கார் வேளச்சேரிக்கு வரும். காக்களூரில் அவரும் சந்திரகலாவும் காத்திருப்பார்கள். முதன்முதலில் செருகிக் காட்டிய கையாலேயே நீங்கள் ஒருமுறை செருகினால் போதும், கணக்கையெல்லாம் அந்தப் பெண் வெளியே எடுத்துக்கொள்ளும். பிறகு அதே கார் உங்கள் இருவரையும் எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கும். உங்கள் மேனேஜரிடமும் முதலாளியே பேசி லீவு வாங்கிவிட்டார். ஆகவே மேலே நான் உங்களை வரச் சொல்லிக் கெஞ்சியிருப்பதையெல்லாம் ரத்தானதாகக் கொள்ளவும். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று ஜோதியிடம் நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.